வாசலருகே நிற்கும் கணினி

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் முக்கியமான கணினி எது என்று கேட்டால், பூட்டிய அறைக்குள் ஏசிக் காற்றில் இருக்கும் சேர்வரைக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் வாசலுக்குப் பக்கத்தில், கதிரைகூட இல்லாமல், நின்றபடி பாவிக்கும் தேடல் கணினியைத்தான் காட்டுவேன். அதில்தான் ஒரு பிள்ளை நூலின் பெயரைத் தட்டி, அலுமாரி இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மாடிக்கு ஏறுகிறது. அந்தக் கணினி அரை நிமிடம் திணறினால் பிள்ளை போனை எடுத்துவிடும். ஒரு கிழமை பழுதாகிக் கிடந்தால் நூலகத்தில் நூல் தேடும் பழக்கமே அந்தத் தொகுதி மாணவர்களிடம் இல்லாமல் போகும். சேர்வர் நின்றால் துணைவேந்தர் அலுவலகத்திலிருந்தே அழைப்பு வரும். வாசல் கணினி நின்றால் யாரும் வாய் திறப்பதில்லை. காலையில் வேலைக்கு வந்ததும் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

என் ஊர் கரைத்தீவு. விபுலாநந்த அடிகள் பிறந்த அம்பாறைக் காரைதீவு என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது புத்தளத்துக்கு வடக்கே, வண்ணாத்திவில்லுப் பக்கம், களப்போரத்தில் இருக்கும் ஊர். இன்னும் வடக்கே போனால் கலா ஓயா, அதற்கப்பால் வில்பத்துக் காடு. பட்டம் படிக்க எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஒலுவிலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பேராதனைக்கும் கொழும்புக்கும் போகிறார்கள். வீட்டில் சொந்தமாகக் கணினி வைத்திருக்கும் பிள்ளை குறைவு. போன் எல்லோரிடமும் உண்டு; போனிலேயே ஒப்படை எழுதி, போனிலேயே அனுப்பி, பட்டமும் வாங்கிவிடலாம் என்று நம்புகிறவர்களும் உண்டு. மேற்கோள் பட்டியல் ஒழுங்காகப் போடவும், அட்டவணை வரையவும், ஐம்பது பக்க ஆய்வறிக்கையைத் திருத்தவும் உட்காரும்போதுதான் போனின் எல்லை தெரியும். அந்த நேரத்தில் அவர்களுக்கு இருப்பது நூலகக் கணினி ஒன்றுதான். பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை செய்யும் எனக்கு, எந்த வசதியைப் பற்றி யோசித்தாலும் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்றுதான் மனதில் நிற்கும். மடிக்கணினி இல்லாத பிள்ளை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளை.

வாசகரின் நேரம் பற்றிய இந்த யோசனை எனக்கு முன்பே ஒருவருக்கு வந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் நூலகவியலுக்கான ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டார். நான்காவது விதி வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்யாத நூலகவியல் மாணவர் இல்லை. ஆனால் அந்த விதியை வாசல் கணினியில் வைத்துப் பார்க்கும் நூலகங்கள் குறைவு. கணினி உயிர்பெற ஐந்து நிமிடம், கடவுச்சொல் தேட ஐந்து நிமிடம், பிரிண்டர் வரிசையில் கால் மணி. இந்தக் கணக்கைக் கூட்டினால் ஒரு பிள்ளையின் பஸ் போய்விடும். ரங்கநாதன் இன்று இருந்தால் முதலில் கணினியைத் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மணிக்கூட்டை வைத்துப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

எங்கள் நூல் பட்டியல் ஓடுவது கோஹா என்ற மென்பொருளில். அதன் பிறப்பு சுவாரசியமானது. நியூசிலாந்தில் லெவின் என்ற சிற்றூர். அங்குள்ள ஹோரொவெனுவா நூலக நிறுவனத்தின் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டுப் பிழையைத் தாண்டாது என்று தெரிந்தது. புதிதாக வாங்கக் காசு போதாது. கட்டிபோ என்ற சிறு நிறுவனத்தைக் கொண்டு 1999இல் சொந்தமாக ஒன்றை எழுதுவித்தார்கள். 2000 ஜனவரியில் அது ஓடத் தொடங்கியது. பிறகு அதை யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று திறந்து விட்டார்கள். கோஹா என்றால் மவோரி மொழியில் அன்பளிப்பு. ஒரு சிற்றூர் நூலகத்தின் அவசரத்துக்குப் பிறந்த மென்பொருளைக் கொண்டுதான் இன்று இலங்கையின் பல பல்கலைக்கழக நூலகங்கள் நூல் இரவல் கொடுக்கின்றன.

இலவசம் என்பதால் நிர்வாகத்தில் சிலருக்கு ஒரு மயக்கம் வந்துவிடும். உரிமக் கட்டணம் இல்லை, ஆகவே செலவும் இல்லை என்று நினைத்துவிடுவார்கள். கோஹாவை நிறுவும்போதே தேடல் அட்டவணையைத் தமிழுக்கு ஏற்ற ஐசியூ முறைக்கு மாற்றியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஆங்கில எழுத்தை மட்டும் எண்ணி நிறுவிவிட்டால், தமிழ்ச் சொல்லைத் தட்டும்போது தேடல் தடுமாறும். இருக்கும் நூலையே இல்லை என்று சொல்லும். மென்பொருளில் குறை எதுவும் இல்லை. தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை செய்யப்படாமல் கிடக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ் நூல் பட்டியலின் உண்மையான பாரம் வேறு இடத்தில் இருக்கிறது. ஈழத்தில் ஒரு தலைமுறை முழுக்கப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினியில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே கணினி வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளை. யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது என்றாலும், அலுவலகங்களும் அச்சகங்களும் பாமினியை விட்டு இறங்கப் பல காலம் எடுத்தது. அந்தப் பழைய பட்டியல்களை யூனிகோடுக்குக் கொண்டுவர மாற்றிகள் உண்டு. போட்டால் தமிழ் தமிழாகும். நடுவில் கிடந்த ஆங்கிலமும் சேர்ந்து தமிழாகிவிடும். ஆசிரியர் பெயர், பதிப்பகத்தின் பெயர், பதிப்பு விவரம் என்று ஆங்கிலத்தில் இருந்த துண்டுகள் யாரும் வாசிக்க முடியாத தமிழ் எழுத்துக் குவியலாக மாறி நிற்கும். பதிவு பதிவாகத் திறந்து, அலுமாரிக்குப் போய் நூலை எடுத்து, தலைப்புப் பக்கத்தைப் பார்த்துத் திருத்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. எனக்கு இந்த வேலை பிடிக்கும். பட்டியல் திருத்துகிறவனுக்குப் பதவி உயர்வு வேகமாக வராது என்பது தெரிந்தும் பிடிக்கும். பின்னேரத்தில் மழை பெய்யும்போது ஒரு தட்டு நூல்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிவந்து, ஒவ்வொன்றையும் விரித்து, தலைப்பையும் ஆண்டையும் சரிபார்த்து மூடும்போது வரும் நிம்மதியைச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

சில சிக்கல்கள் கண்ணுக்கே தெரியாதவை. ஔவையார் என்று எழுதும்போது முதலெழுத்தை ஒரே எழுத்தாகத் தட்டுவோரும் உண்டு, ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போடுவோரும் உண்டு. பார்க்க இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒரு மாணவி ஔவையாரைத் தேடி, இல்லை என்று விடை பெற்று, அடுத்த தட்டில் அந்த நூல்கள் வரிசையாக இருக்க, திரும்பிப் போயிருப்பாள். ஊர்ப் பெயர்களும் இப்படித்தான். என் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கரைத்தீவு, காரைதீவு, காரைத்தீவு என்று நூலுக்கு நூல் எழுத்து மாறும். அதில் புத்தளம் எது, அம்பாறை எது, காரைநகரின் பழைய பெயர் எது என்பதைப் பட்டியலாளர் குறித்து வைத்தால்தான் உண்டு. மாவட்டப் பெயரைச் சேர்த்து, மாற்று வடிவங்களுக்கு ‘காண்க’ குறிப்புக் கொடுப்பது பட்டியல் அட்டைக் காலத்து வேலை. கணினி வந்ததும் அது தேவையில்லை என்று கைவிட்ட இடங்களில் தேடல் மோசமாகிவிட்டது.

அண்மை வருடங்களில் ஒரு புதுவகைத் தேடலும் வந்திருக்கிறது. “சேர், இந்தப் புத்தகம் எந்த மாடியில?” என்று ஒரு தாளை நீட்டுவார்கள். ஆசிரியர் பெயர் தெரிந்த பெயர், தலைப்பு நம்பும்படியான தலைப்பு, பதிப்பகமும் உண்மையான பதிப்பகம். ஆனால் அப்படி ஒரு நூல் எழுதப்படவே இல்லை. செயற்கை அறிவுச் செயலி இட்டுக்கட்டிக் கொடுத்த பட்டியல் அது. நூலகத்தில் மட்டுமா இல்லை, உலகத்திலேயே இல்லை என்று சொன்னால் பிள்ளை முகம் வாடும். அப்போது அவரை வாசல் கணினிக்கு அழைத்துப்போய், அதே ஆசிரியர் உண்மையில் எழுதியவற்றை எடுத்துக் காட்டுவேன். இல்லாத நூலைத் தேடி வந்தவர் இருக்கும் நூலோடு மாடியிலிருந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பாமினியின் இன்னொரு முகம் பார்வையற்ற மாணவர்களோடு வேலை செய்யும்போதுதான் தெரியும். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற மென்பொருளை 2006இல் எழுதத் தொடங்கிய அவுஸ்திரேலியரான மைக்கேல் கரன் பார்வையற்றவர். அவரும் ஜேம்ஸ் டெயும் அதை இலவசமாகவே கொடுத்தார்கள். ஈஸ்பீக் குரலோடு அது தமிழும் வாசிக்கும். குரல் கொஞ்சம் தகரம்தான். இரண்டு நாளில் காது பழகிவிடும். யூனிகோடில் உள்ள பாடக்குறிப்பு என்றால் அது தமிழாக வாசிக்கும். அதே குறிப்பைப் பாமினியில் தட்டியிருந்தால், ‘அம்மா’ என்ற சொல்லை ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று ஒப்பிக்கும். விரிவுரையாளர்கள் பலர் இன்றும் பழைய குறிப்புகளைப் பாமினியிலேயே அனுப்புகிறார்கள். அவர்களுக்கு இது தெரியாது. கண் உள்ளவர்களுக்குத் தெரிய வாய்ப்பும் இல்லை. தெரிந்துகொண்ட பிறகும் அனுப்புவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பார்வையற்ற மாணவருக்கென்று ஒரு தனி அறை கட்டி, பெயர்ப்பலகை தொங்கவிட்டு, அதில் ஒரு பழைய கணினியை வைப்பதைவிட, எல்லாக் கணினிகளிலும் என்விடிஏயை நிறுவி, ஒவ்வொன்றோடும் ஒரு ஹெட்போன் தருவது நல்லது என்பது என் கட்சி. அவரும் தன் தோழர்களுக்குப் பக்கத்திலேயே உட்காரலாம்.

இனிப் பராமரிப்பு. இதைப் பற்றிக் கதைக்க யாரும் என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. அதனால் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வாப்பா களப்பில் மீன் பிடித்தவர். கரைக்கு வந்ததும், மீனைப் பிரிக்கும் முன், வெளி இஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுவார். துடைத்து எண்ணெய் பூசித்தான் மூடுவார். புது இஞ்சினுக்கும் அதே பணிவிடைதான், பழசுக்கும் அதேதான். கடற்கரைப் பக்கத்து நூலகக் கணினியும் அந்த இஞ்சின் மாதிரித்தான் என்பதை வேலைக்கு வந்த பிறகு புரிந்துகொண்டேன். உப்புக்காற்று ஏசியின் செம்புக் குழாய்களை அரிக்கும். கணினிப் பெட்டியின் பின்புறத் துளைகளில் பச்சை பூக்கும். நினைவகச் சில்லுகளின் பொன்னிறப் பற்களில் மங்கல் படர்ந்தால் கணினி பீப் பீப் என்று கத்திவிட்டு உயிர்பெற மறுக்கும். கழற்றி, வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, திரும்பப் பொருத்தினால் பாதிக் கணினிகள் எழும்பிவிடும். ‘பழுது’ என்று ஒட்டி மூலையில் அடுக்கி வைத்த கணினிகளில் எத்தனையோ இப்படி ஒரு அழிறப்பருக்காகக் காத்துக் கிடந்தவை.

பல்லிகளையும் சொல்ல வேண்டும். மின் வழங்கிப் பெட்டியின் சூடு அவற்றுக்குப் பிடிக்கும். உள்ளே முட்டையிடும், சில வேளை இரு முனைகளையும் ஒன்றாகத் தொட்டுச் செத்துப்போகும், கணினியையும் கூட்டிக்கொண்டு. எறும்பு நெட்வேர்க் சுவிட்சுக்குள் குடியேறும். எலிக்குக் கேபிள் உறை பிடிக்கும். இவற்றுக்கெல்லாம் மருந்து தூரிகையும், ஊதுகுழலும், துளைகளை மூடும் சிறு வலைத்துண்டும், மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்கும் பொறுமையும்தான்.

மின்சாரத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையம், 900 மெகாவாட் நுரைச்சோலை லக்விஜய, எங்கள் களப்புக்கு அந்தப் பக்கம் கற்பிட்டித் தீபகற்பத்தில்தான் நிற்கிறது. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனபோது எங்கள் ஊரும் இருட்டில்தான் இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டது. அந்த அதிர்ச்சியில் நுரைச்சோலையின் இயந்திரங்களும் நின்று, அடுத்த நாட்களிலும் மின்வெட்டு தொடர்ந்தது. குரங்கை வைத்து எல்லோரும் சிரித்தார்கள். யூபிஎஸ் பார்க்கும் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

யூபிஎஸ் வாங்குகிறோம், அதன் பெட்டரியை மறந்துவிடுகிறோம். அதற்குள் இருக்கும் 12 வோல்ட் ஈய அமிலப் பெட்டரியின் ஆயுளை 25 பாகை வெப்பத்தை வைத்துக் கணக்கிட்டிருப்பார்கள். வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். எங்கள் நாட்டுக் கரையோர வெயிலில், காற்றோட்டமில்லாத மேசைக்குக் கீழே, காலுக்கும் குப்பைக் கூடைக்கும் நடுவில் வைத்த யூபிஎஸ் எத்தனை நாள் தாங்கும்? பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கரண்ட் போன நொடியில்தான் பெட்டரி செத்தது தெரியவரும். ஆகவே நான் வருடத்தில் சில முறை, வேண்டுமென்றே, மாணவர் இல்லாத நேரம் பார்த்துப் பிளக்கை இழுத்துப் பார்ப்பேன். எது எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். அந்தக் கொப்பிதான் அடுத்த வருட வரவுசெலவுக்கு என் ஒரே ஆயுதம்.

ஏனென்றால் புதிதாக வாங்கக் காசு கிடைப்பது எளிது. இருப்பதைக் காக்கக் கிடைப்பது அரிது. புதுக் கணினிக் கூடத்துக்கு நாடா வெட்டலாம், படம் பிடிக்கலாம், ஆண்டறிக்கையில் போடலாம். மாற்றிய பெட்டரிக்கு யார் நாடா வெட்டுவார்? ஒரு காலத்தில் மெலிந்த சிறு பெட்டிகளை வாங்கி, ஒரே தாய்க் கணினியோடு பத்துப் பதினைந்து திரைகளை இணைக்கும் முறை எங்கும் பரவியது. மின்சாரம் மிச்சம், விலையும் குறைவு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாய் நின்றால் பிள்ளைகள் எல்லாம் நிற்கும். மாற்றுத் தாய் ஒன்றை வாங்கி வைக்க எந்த விலைமனுவிலும் இடமிருக்காது.

2022இல் ரூபாய் விழுந்தபோது இந்த வேலையின் அருமை பலருக்குப் புரிந்தது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயைச் சுற்றி நின்றது. மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. மின்னிதழ்ச் சந்தாக்களுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் டொலரில்தான் விலை. அந்தக் காலத்தில் எங்களைக் காப்பாற்றியது பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அந்த இடத்தில் எஸ்எஸ்டி போடும் எளிய வேலை. உயிர்பெற ஐந்து நிமிடம் எடுத்த கணினி அரை நிமிடத்தில் திறந்தது. முழுக் கணினியின் விலையில் சிறு பங்குதான் செலவு. 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றதும் அடுத்த அலை வந்தது: விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகளையெல்லாம் கழித்து ஒதுக்கச் சொன்னார்கள். தேடலுக்கும் மின்னிதழ் வாசிப்புக்கும் ஒப்படை தட்டவும் லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். சில கணினிகளை அப்படி மாற்றிவிட்டேன். மாணவர்கள் முதல் நாள் முறைத்தார்கள், அடுத்த நாள் எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் லினக்ஸ் என்று நான் வாதாட மாட்டேன். புள்ளிவிவரவியல் பாடத்துக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் வேண்டியிருக்கிறது. ஆனால் நன்றாக ஓடும் இயந்திரத்தைக் குப்பைக்கு அனுப்பும் முன் ஒருவர் அதைத் திறந்தாவது பார்க்க வேண்டும்.

ஆர்எஃப்ஐடி பற்றி ஒரு வார்த்தை. நூலின் பின்னட்டைக்குள் சில்லு ஒட்டி, வாசலில் பாதுகாப்பு வாயில் நிறுத்தி, நூலைத் தானே இரவல் எடுக்கும் இயந்திரம் வைப்பது இப்போது கௌரவம். லட்சக்கணக்கில் நூல் உள்ள இடத்துக்கு அது சரி. நடுத்தர நூலகம் அந்தக் காசில் பாதியைச் செலவழித்து அலுமாரிகளை ஒழுங்காக அடுக்க ஆள் வைத்தால் வாசகருக்கு அதிக பலன். அதற்கும் முன், பார்கோட்டை ஒழுங்காக அச்சிடுங்கள். வெப்பத்தால் கறுக்கும் மலிவுத் தாளில் அச்சிட்ட பார்கோட் இரண்டு வெயில் காலத்தில் மங்கி, வருடக் கணக்கெடுப்பில் நூலையே அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும். ரிப்பனில் அச்சாகும் வகை கொஞ்சம் விலை. பல வருடம் நிற்கும்.

கணினி அல்லாத வசதிகளையும் கணினிக்காரன் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்று சதுர முள் கொண்ட 13 அம்பியர் பிளக்கை நாட்டின் தரமாக ஆக்கிய பிறகும், பழைய வாசிப்பு மண்டபங்களில் சுவர்த் துளை இன்னும் வட்டம்தான். மாணவர் சார்ஜரோடு வந்து துளையைப் பார்த்துத் திரும்புவார், அல்லது பேனா மூடியால் குத்தித் திறந்து இரட்டை முள்ளைத் திணிப்பார், அது ஆபத்து. வாசிப்பு மேசைக்கு ஒரு நல்ல பிளக் என்பது பத்துப் புதுக் கணினிகளுக்குச் சமம் என்று நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். பையை வெளியே வைக்கச் சொல்லும் விதியும் அப்படித்தான்: பூட்டும் அறைப்பெட்டி இல்லாமல் அந்த விதியை மட்டும் வைத்தால் மடிக்கணினி உள்ளவர் உள்ளே வரவே தயங்குவார். குடிதண்ணீர், கழிவறை, பெண்பிள்ளைகள் விடுதிக்குத் திரும்பும் வழியில் விளக்கு — இரவு எட்டு மணிக்கு நூலகத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. நூலகத்தை நள்ளிரவு வரை திறந்து வைத்துவிட்டு வழியில் விளக்குப் போடாவிட்டால் அது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் திறந்த நூலகம்.

பிரதி வைப்பதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1959இல் திறந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் திட்டமிடலில் ஆலோசனை சொன்னவர்களில் அதே ரங்கநாதனும் ஒருவர். 1981 மே 31 இரவில் தொடங்கிய வன்முறையில் அந்த நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிக் கரைகளில் தங்கிய முஸ்லிம் குடும்பங்கள் கையில் எடுத்து வந்தது கொஞ்சம். காணி உறுதியும் பிறப்புச் சான்றும் பரீட்சைப் பெறுபேறும் வீட்டோடு போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு, ஒரே இடத்தில் ஒரே பிரதி இருப்பதைக் கண்டாலே நெஞ்சு பதறும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில் என்பது கணினித் துறையில் எல்லோரும் சொல்லும் ஒழுங்கு. எங்கள் ஆய்வேடுகளும் பழைய வினாத்தாள்களும் இருப்பது டிஸ்பேஸ் களஞ்சியத்தில். அமெரிக்காவின் எம்ஐடியும் எச்பி நிறுவனமும் 2002இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் தம் ஆய்வுகளை அதில்தான் திறந்து வைத்திருக்கின்றன. 2005இல் சில இளைஞர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளம் இன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்து ஆவணங்களை வைத்திருக்கிறது. பல்கலைக்கழகங்களில் இல்லாத பழைய சஞ்சிகைகளை அங்கே கண்டெடுத்து எங்கள் மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன்.

களஞ்சியத்தில் இருந்தால் மட்டும் போதாது, பிள்ளையின் கைக்கு எட்டவும் வேண்டும். கொவிட் காலத்தில் 2020இல் பல்கலைக்கழகங்கள் மூடியபோது, பல்கலைக்கழகங்களை இணையத்தோடு இணைக்கும் லேர்ன் வலையமைப்பும் தொலைபேசி நிறுவனங்களும் சேர்ந்து பல்கலைக்கழகச் சேர்வர்களுக்குத் தரவுக் கட்டணமில்லாமல் நுழைய வழி செய்தார்கள். பெரிய உதவி அது. காசு பிரச்சினை தீர்ந்தாலும் சிக்னல் பிரச்சினை தீரவில்லை. எங்கள் ஊரில் கோடு ஒன்று காட்டும் இடத்தைத் தேடிப் பிள்ளைகள் கரையில் நின்று பாடம் கேட்டார்கள். அதனால் இன்றும் ஒவ்வொரு பெரிய கோப்பையும் நான் களஞ்சியத்தில் ஏற்றும் முன் சுருக்குகிறேன். 80 மெகாபைட் ஸ்கேனை வாசிக்கத் தெளிவு கெடாமல் 8 மெகாபைட்டுக்குக் கொண்டுவர முடியும். மூலத்தைச் சேர்வரில் பெரிதாகவே வைத்துக்கொள்ளலாம். ஊருக்கு அனுப்புவது சிறிதாக இருக்கட்டும்.

புத்தளம், கற்பிட்டி, வண்ணாத்திவில்லுப் பக்கங்களிலிருந்து இந்த வருடம் பல்கலைக்கழகம் போகும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. நூலக அட்டை கிடைத்த முதல் கிழமையே வெளியிலிருந்து நுழையும் கணக்கையும் கேட்டு வாங்கி, அங்கேயே ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு ஊருக்கு வாருங்கள். விடுமுறையில் வீட்டில் இருந்து கேட்டால் கடவுச்சொல் வர ஒரு கிழமை ஆகும். நூலகக் கணினி ஒன்று திறக்கவில்லை என்றால் அடுத்ததுக்கு மாறி உட்காராதீர்கள். பெட்டியின் நெற்றியில் ஒட்டியிருக்கும் இலக்கத்தோடு, முறைப்பாட்டுக் கொப்பியில் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். எழுத்தில் வந்த முறைப்பாட்டுக்கு மட்டும்தான் எங்களுக்குப் பெட்டரி வாங்கக் காசு தருவார்கள்.